கிளினிக் கொப்பியில் இல்லாத குளிசைகள்

கேள்வி: டொக்டர், எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில் மாமி வீட்டில் இருக்கிறோம். இப்போது 22 கிழமை கர்ப்பம். ஏ.எல். படித்த காலத்திலிருந்தே நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சத்தி எடுக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. கலியாணத்துக்கு முதல் ஒரு மனநல வைத்தியரிடம் காட்டி, மனச்சோர்வுக்கும் கொடுக்கும் ஃப்ளுவொக்செட்டீன் என்ற குளிசையை எடுத்து நல்லாக வந்தேன். பிள்ளை தங்கியது தெரிந்த அன்றே பயத்தில் அந்தக் குளிசையை நிறுத்திவிட்டேன், ஒருவரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு பழையபடி தொடங்கிவிட்டது. வீட்டில் எல்லோரும் மசக்கை என்று நினைக்கிறார்கள். இரும்புச்சத்துக் குளிசையால் மலச்சிக்கல் வந்தபோது பாமசியில் பேதிக் குளிசை வாங்கினேன், இப்போது அது இல்லாமல் இருக்க முடியவில்லை. கால் வீங்கியபோது மாமியின் பிரஷர் மருந்துகளோடு இருந்த தண்ணீர்க் குளிசையையும் சில நாள் எடுத்தேன். ஃபேஸ்புக்கில் வாங்கிய மெலியும் தேயிலையும் அலுமாரியில் இருக்கிறது. ஸ்கான் நோர்மல். எடையும் பரவாயில்லை என்று கிளினிக் மிஸ் சொல்கிறா. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினால் போதுமா? டொக்டரிடம் சொன்னால் என் கணவருக்கும் மாமிக்கும் தெரிந்துவிடுமா? பிறகு தாய்ப்பால் கொடுக்கலாமா?
பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் பிறகு. முதலில் மாமியின் குளிசை மட்டையைத் திருப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். சிறுநீரைக் கூட்டுவதற்குக் கொடுப்பதை வீட்டில் தண்ணீர்க் குளிசை என்று சொல்கிறோம், அது ஒரே மருந்து அல்ல. அது ஃப்ரூசமைட்டாக இருக்கலாம், ஸ்பைரோனோலக்டோனாக இருக்கலாம், ஹைட்ரோகுளோரோதயசைட்டாக இருக்கலாம். சில மட்டைகளில் கடைசியாகச் சொன்னதோடு லொசாட்டனும் ஒரே குளிசைக்குள் சேர்ந்திருக்கும். எனக்கு யோசனை அந்தச் சேர்க்கையில்தான். லொசாட்டன், டெல்மிசாட்டன் என்று 'சாட்டன்' என முடிகிறவையும் எனலப்ரில், கப்டொப்ரில் என்று 'ப்ரில்' என முடிகிறவையும் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலும் கடைசிப் பகுதியிலும் வயிற்றுப் பிள்ளையின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. இந்தக் கட்டத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி பிள்ளை கழிக்கும் சிறுநீர்தான். ஆகவே சிறுநீரகம் சோர்ந்தால் அந்த நீரும் குறையும்.

சில நாள் எடுத்ததால் அப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் ஸ்கான் எடுத்தது அந்தக் குளிசைக்கு முன்பா பின்பா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. மட்டையில் அந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல், நாளைக்கே உங்கள் வீ.ஓ.ஜி.யிடம் (மகப்பேற்று வைத்திய நிபுணரிடம்) போங்கள். பனிக்குட நீரின் அளவை ஸ்கானில் பார்த்துவிடலாம். மருந்தை நிறுத்தியதும் நீர் திரும்பக் கூடிவந்த தாய்மார் பலர். எந்தப் பெயராக இருந்தாலும் மாமியின் டப்பாவை இனித் தொட வேண்டாம். இரவில் கால் வீங்குவது கர்ப்பத்தில் சாதாரணம், அதற்குத் தண்ணீர்க் குளிசை கொடுப்பதில்லை. முகமும் கையும் வீங்கி, தலையிடி விடாமல் இருந்து, கண் மங்கினால் அது வேறு விஷயம். உடனே பிரஷர் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் முதல் கேள்வி. பாமசியில் வாங்கிய பேதிக் குளிசையில் பெரும்பகுதி குடலோடு நின்றுவிடும், இரத்தத்தில் சேர்வது சொற்பம். அதனால் பிள்ளைக்கு அங்கக் குறைபாடு வருவதாகத் தெரியவில்லை. பிள்ளைக்கு வரக்கூடிய கெடுதி உங்கள் உடம்பின் வழியாகத்தான் வரும். சத்தியில் பொட்டாசியம் போகிறது, பேதியில் போகிறது, தண்ணீர்க் குளிசைகள் பலவற்றாலும் போகிறது. ஒரே தொட்டிக்கு மூன்று குழாய்களைத் திறந்துவிட்ட மாதிரி. பொட்டாசியம் குறைந்தால் கால் கை சோரும், தசை பிடிக்கும், இதயத்தின் துடிப்பே தாறுமாறாகும். இரத்தத்தில் நீர் வற்றினால் நச்சுக்கொடிக்குப் போகும் இரத்தமும் குறையும்.

இவ்வளவையும் கொடுத்து என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒன்றுமில்லை. பேதிக் குளிசை வேலை செய்வது பெருங்குடலில். சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். வெளியே போவது தண்ணீரும் உப்பும். காலையில் தராசில் குறைந்து தெரிவது அந்தத் தண்ணீர்தான், குடித்ததும் திரும்ப வந்துவிடும். நீங்கள் எத்தனை குளிசை என்று எழுதியிருந்தீர்கள். அதை இங்கே அச்சிடவில்லை. இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு பிள்ளை அந்த எண்ணைப் படித்துவிட்டுத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

ஸ்கான் நோர்மல் என்பது உண்மையான நல்ல செய்தி. 18 கிழமைக்கும் 22 கிழமைக்கும் இடையில் எடுக்கும் அந்த ஸ்கானில் இதயத்தின் அறைகள், முதுகெலும்பு, முகம், கை கால் எல்லாம் பார்க்கிறார்கள். உங்கள் பொட்டாசியம் அதில் தெரியாது, உடம்பில் மீதமிருக்கும் இரும்புச்சத்தும் தெரியாது. பிள்ளை எடை வைப்பது பெரும்பாலும் இனி வரும் மாதங்களில்தான். சாப்பாட்டு நோயைச் சிகிச்சையில்லாமல் விட்டால், 37 கிழமைக்கு முன்பே பிரசவமாவதும் 2,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிள்ளை பிறப்பதும் மற்றத் தாய்மாரைவிடக் கூடுதல். தாய்க்கு இரத்தச்சோகையும் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வும் அப்படியே. ஆனால் பிள்ளை வளர வேண்டிய காலம் இன்னும் முன்னால்தான் இருக்கிறது.

எடை பரவாயில்லை என்று மிஸ் சொன்னதில் பிழையில்லை. உங்களுக்கு இருப்பது புலிமியா, அதாவது நிறையச் சாப்பிட்டுவிட்டு அதை வேண்டுமென்று வெளியேற்றும் நோய். 1979 இல் லண்டனில் ஜெரால்ட் ரசல் என்ற மனநல வைத்தியர் அதை முதன்முதல் விவரித்து எழுதியபோதே, இவர்களில் பலருக்கு எடை சாதாரணமாக இருப்பதைக் குறித்திருந்தார். எங்கள் கிளினிக்குகளில் பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், எடையைப் படத்தில் புள்ளியிட்டுக் காட்டுவார்கள். சாப்பிட்டதை வேண்டுமென்று வெளியே எடுக்கிறீர்களா என்று கேட்பவரைக் காண்பது அரிது. கேட்டாலும் பக்கத்தில் மாமி நிற்கும்போது யார் பதில் சொல்லப்போகிறார்கள்? ஆகவே உங்கள் விஷயத்தில் கொப்பியில் இருக்கும் எதுவும் உங்களைக் காட்டிக்கொடுக்காது. நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. இந்தப் பதிலில் நான் உங்களிடம் கேட்பது அந்த ஒன்றைத்தான்.

ஃப்ளுவொக்செட்டீனைப் பற்றி. வைத்தியர் எழுதிக் கொடுத்ததற்குப் பயந்து நிறுத்தினீர்கள், யாரும் எழுதிக் கொடுக்காத மூன்றை எடுத்துக்கொண்டீர்கள். குறை சொல்ல எழுதவில்லை. கர்ப்பம் என்றதும் துண்டில் இருக்கும் மருந்துக்குப் பயப்படுவதும், துண்டில்லாமல் வாங்குவது சின்ன விஷயம் என்று நினைப்பதும் இந்த ஊரில் நான் அடிக்கடி காண்பது. அந்த மருந்து நிறுத்திய பிறகும் சில கிழமைகள் உடம்பில் தங்கும். அதனால்தான் முதலில் ஒன்றும் தெரியவில்லை, மூன்றாம் மாதம் தாண்டியதும் நோய் திரும்பியது. உங்கள் மனவலிமை குறைந்து அது வந்ததாக எண்ண வேண்டாம். இப்போது பழைய மட்டையை எடுத்து நீங்களே திரும்பத் தொடங்கவும் வேண்டாம். உங்களைப் பார்த்த மனநல வைத்தியரிடம் இந்தக் கிழமையே போங்கள். கர்ப்பத்தில் இந்த வகை மருந்துகளைத் தேவைப்பட்டால் கொடுக்கிறோம். சேர்ட்ரலின் அதிகம் பயன்படும் ஒன்று. மருந்தால் வரக்கூடிய சிறிய ஆபத்தை, நோயை அப்படியே விடுவதால் வரும் ஆபத்தோடு வைத்துப் பார்த்து முடிவெடுப்பது வைத்தியரும் நீங்களும் சேர்ந்து செய்யும் வேலை. உங்கள் கடிதத்தைப் படித்த அளவில், விடுவதுதான் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம்.

மெலியும் தேயிலையை ஊற்றிக் குடிக்க வேண்டாம், எறியவும் வேண்டாம். பெட்டியோடு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இப்படியான தேயிலைகள் பலவற்றில் நிலாவரை இலை இருக்கும். அதாவது பாமசியில் வாங்கும் பேதிக் குளிசையின் வேலையையே அதுவும் செய்கிறது. அதைவிட மோசமானதும் நடப்பதுண்டு. இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010 இல் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமைன் என்ற மருந்து, மூலிகை என்று எழுதிய மெலிவுப் பொருட்களில் பெட்டியில் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பது உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கையில் விற்கும் மருந்துகள் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிந்திருக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் இன்பொக்ஸ் பண்ணச் சொல்லி விற்பவரிடம் அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள், உங்களை புளொக் பண்ணிவிடுவார்.

நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்தலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. மாமியின் குளிசையும் தேயிலையும் இன்றே. பேதிக் குளிசையும் நிற்கத்தான் வேண்டும், ஆனால் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு, ஒரு வைத்தியர் பார்த்திருக்க நிறுத்துங்கள். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் பலர் இரண்டாம் நாளே திரும்பத் தொடங்குகிறார்கள். நீண்ட நாள் நீரை இழந்த உடம்பு, நிறுத்தியதும் கிடைத்த நீரையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். கால் வீங்கும், வயிறு ஊதும், மலம் போகாது, தராசில் எடை சட்டென்று ஏறும். கொழுத்துவிட்டேன் என்று மனம் பதறும். ஏறியது கொழுப்பல்ல, தண்ணீர். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில், சிலருக்கு இன்னும் சற்றுக் கூடுதல் நாளில், தானாக வடியும். இந்த நாட்களுக்குள் ஒரு கிளினிக் நாள் வந்தால் மிஸ்ஸுக்கும் அது புதிராகத் தெரியும். கர்ப்பத்தில் திடீரென்று எடை ஏறினால் பிரஷர் நோயா என்றும் பார்க்க வேண்டியிருப்பதால், அவரிடம் முதலே சொல்லி வைப்பது நல்லது. நிறுத்துவதற்கு முன் இரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், மக்னீசியம், சிறுநீரகச் செயற்பாடு ஆகியவற்றையும் ஒரு ஈ.சி.ஜி.யும் பார்ப்பார்கள். மலச்சிக்கலுக்கு லக்டுலோஸ் பாணியோ ஈசப்கோலோ கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை, வைத்தியரிடம் கேட்டு எடுங்கள். இரும்புச்சத்துக் குளிசைதான் மலத்தை இறுக்குகிறது என்றால் அதை மாற்றித் தரவும் வழியுண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி, எப்படிச் சொல்வது. உங்களுக்குக் கஷ்டமான இடம் இதுதான் என்று தெரிகிறது. வீ.ஓ.ஜி.யைச் சனல் பண்ணி, அதாவது தனியாரில் நம்பர் எடுத்துப் போனால் நம்பர் கூப்பிட்டதும் கணவரும் மாமியும் சேர்ந்து உள்ளே வருவார்கள், மூன்று கதிரையும் நிறைந்துவிடும். கேள்வியை டொக்டர் உங்களிடம் கேட்பார், பதிலை மாமி சொல்வார். இதற்குள் நீங்கள் வாயைத் திறந்து சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு துண்டுக் கடதாசியில், "நான் வேண்டுமென்று சத்தி எடுக்கிறேன். பேதிக் குளிசை எடுக்கிறேன். இந்தப் பெயருள்ள பிரஷர் குளிசை எடுத்தேன். ஃப்ளுவொக்செட்டீனை இந்த மாதம் நிறுத்தினேன். தனியாகப் பேச வேண்டும்." இவ்வளவும் போதும். கடதாசியைக் கிளினிக் கொப்பிக்குள், எடை எழுதும் பக்கத்தில் வையுங்கள். கொப்பியை விரிக்கும்போது அது அவர் கண்ணில் படும். பரிசோதிக்க வேண்டும், மற்றவர்கள் வெளியே இருங்கள் என்று டொக்டர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். மாநகர சபைக் கிளினிக்கில் மிஸ்ஸுக்குத் தமிழ் வராவிட்டாலும் பயமில்லை. மட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், மருந்தின் பெயர் எந்த மொழியிலும் ஒன்றுதான்.

நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியில்லாமல் கணவரிடமோ மாமியிடமோ சொல்ல வைத்தியருக்கு உரிமையில்லை. உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து என்ற கட்டத்தில் மட்டும், உங்களைக் காப்பாற்றத் தேவையான அளவு பேச வேண்டி வரலாம். உறவுக்காரி அங்கே வேலை செய்கிறாள் என்ற மாதிரியான பயம் இருந்தால் அதையும் டொக்டரிடமே சொல்லுங்கள். கணவருக்கு என்றாவது சொல்வது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் முதலில் வைத்தியர், பிறகு கணவர். அதற்குள் ஒரு சிகிச்சை தொடங்கியிருந்தால் "எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, மருந்து எடுக்கிறேன், சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் என்னோடு இரு" என்று சொல்ல முடியும். ஒன்றும் தொடங்காமல் சொன்னால் அவர் செய்யக்கூடியது பயப்படுவதும் குளியலறைக் கதவில் காவல் நிற்பதும்தான். மாமிக்குச் சொல்வதா என்பது முழுக்க உங்கள் விருப்பம். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று அவர் கோப்பையில் இன்னொரு அகப்பை போடுவதை நிறுத்த நோயின் பெயர் தேவையில்லை. "கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடச் சொல்லி டொக்டர் சொன்னவர்" என்றால் போதும், அது பொய்யும் இல்லை.

ஏனென்றால் சிகிச்சையின் முதற்படியே அதுதான். மூன்று வேளை, இடையில் இரண்டு மூன்று தடவை சின்னதாக. மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வயிறு காயக்கூடாது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறி, பின்னேரம் வேலை முடிந்து பசியோடு வரும் வழியில்தான் அளவு தவறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பின்னேரப் பசியைக் காலை இடியப்பத்தில்தான் தீர்க்க வேண்டும். ஆரம்பத்தில் அளவைப் பற்றிக்கூட யோசிக்க வேண்டாம், நேரத்தைப் பிடியுங்கள். ஆனால் நாட்கணக்கில் ஒன்றும் வயிற்றில் தங்காமல் இருந்திருந்தால் திடீரென்று நிறையச் சாப்பிடுவதும் ஆபத்து, அப்போது ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் தொடங்குவோம். இதற்கென்று உள்ள, பேசிப் பேசி எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் மனநலப் பிரிவில் கேளுங்கள். கர்ப்ப காலத்திலும் அதற்குத் தடையில்லை.

தராசு உங்களைக் குழப்புகிறது என்றால் மிஸ்ஸிடம் சொல்லி முதுகைக் காட்டி ஏறி நில்லுங்கள். எண்ணை அவர் எழுதட்டும், சொல்ல வேண்டியதில்லை. சத்தி எடுத்துவிட்டால் உடனே பல் துலக்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு விடுங்கள். விட்டமின், இரும்புச்சத்துக் குளிசை சத்தியோடு வந்துவிட்டது என்று இரட்டிப்பாக எடுக்கவும் வேண்டாம்.

மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்துத் துடிப்புத் தவறினால், கை கால் தூக்க முடியாமல் சோர்ந்தால், சத்தியில் இரத்தம் வந்தால், தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் சிறுநீர் குறைந்தால், கீழே இரத்தமோ நீரோ போனால், வழக்கமாகத் தெரிந்த பிள்ளையின் அசைவு குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும், துண்டுக் கடதாசிக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பொறளைப் பக்கம் டி சொய்சா, காசல் வீதி இரண்டுமே அரச மகப்பேற்று வைத்தியசாலைகள், கொழும்பு தேசிய வைத்தியசாலையும் தூரமில்லை. தனியாரில் சனல் பண்ணும் செலவு ஒரு தடை என்றால், அரச மனநலப் பிரிவுகளில் பார்ப்பது இலவசம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ, இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தாலோ 1926. தேசிய மனநல நிறுவகத்தின் அந்த இலக்கத்தில் 24 மணித்தியாலமும் தமிழிலும் பேசலாம்.

கடைசிக் கேள்வி தாய்ப்பால். கொடுக்கலாம், கொடுங்கள். சேர்ட்ரலின் பாலில் மிகச் சொற்பமாகவே சேரும். ஃப்ளுவொக்செட்டீன் சற்றுக் கூடுதலாகச் சேரும், ஆனாலும் அதில் நலமாக இருக்கும் தாயை மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை. தண்ணீர்க் குளிசை பாலைக் குறைக்கக்கூடும், மெலியும் தேயிலை அப்போதும் வேண்டாம். அந்த விளம்பரங்கள் பிரசவத்துக்குப் பிறகுதான் கூடுதலாக வரும், "பழைய உடம்பு" என்று சொல்லிக்கொண்டு. கர்ப்பத்தில் அடங்கிய புலிமியா திரும்புவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். பத்தியச் சாப்பாடும் நித்திரையில்லாத இரவுகளும் அதற்கு வசதி செய்து கொடுக்கும். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பயன்படும் எடின்பரோ கேள்வித்தாளில் 10 கேள்விகள் இருக்கின்றன, சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே அப்போதும் நீங்களே சொல்ல வேண்டியிருக்கும். பிரசவத் திகதி தெரிந்த கையோடு, அதற்கு அடுத்த இரண்டு கிழமைக்குள் மனநல வைத்தியரைப் பார்க்க ஒரு நாளை இப்போதே குறித்து வாங்கிவிடுங்கள்.